ஐ.இ.எல்.டி.எஸ். இல்லாமலும் உதவித்தொகை உண்டு

வெளிநாட்டு உதவித்தொகைக்கு ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளின் மதிப்பெண் கட்டாயம் என்று எண்ணிப் பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பயிற்றுமொழி ஆங்கிலம் அல்லாத நாடுகளைப் பாருங்கள். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பித்தால், தூதரகமே மொழித்தேர்வு நடத்துகிறது. தென் கொரிய அரசின் ஜி.கே.எஸ். திட்டத்தில் பொதுவாக ஓராண்டு கொரிய மொழிப் பயிற்சி தந்த பிறகே பட்டப்படிப்பு தொடங்குகிறது. ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்களுக்கு இன்னொரு வழி: கல்லூரி தரும் பயிற்றுமொழிச் சான்றிதழைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன.

தேர்வு எழுதாதவர் வகுப்பில் திணற மாட்டாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விலக்கு கிடைப்பது தேர்வுக்குத்தான், மொழித்திறனுக்கு அல்ல; நேர்காணலிலும் ஆய்வுத் திட்டத்திலும் அது வெளிப்பட்டே தீரும். தேர்வுக் கட்டணம் கட்ட இயலாத மாணவருக்கு இந்த விலக்கு பெரிய வாய்ப்பு. எனினும் உதவித்தொகை, சேர்க்கை, விசா மூன்றின் விதிகளும் வேறு வேறு. சான்றிதழ் ஏற்கப்படுமா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் பெறுங்கள். ‘தேர்வே வேண்டாம், பணம் கட்டினால் இடம் உறுதி’ என்னும் முகவரை நம்பாதீர்கள்.