முகத்தலும் நிறுத்தலும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும். தேங்காயை எண்ணுவர், பொன்னை நிறுப்பர், நெல்லை முகந்து அளப்பர், ஆடையை நீட்டி அளப்பர். அளவைக் குறிக்கும் பெயர்களுக்கும் நிறையைக் குறிக்கும் பெயர்களுக்கும் முதலாக வரும் எழுத்துகள் ஒன்பது எனத் தொல்காப்பியர் வகுத்துரைத்தார். அளவு வேறு, நிறை வேறு என்னும் தெளிவு தமிழர்க்கு அத்துணைப் பழமையானது.

ஆழாக்கு இரண்டு கொண்டது உழக்கு. உழக்கு இரண்டு உரி. உரி இரண்டு நாழி. நாழி எட்டுக் குறுணி. இவையெல்லாம் முகத்தலளவைகள். முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், நெல் அளக்கும் மரக்காலையும் பொன் நிறுக்கும் கல்லையும் 'ஆடவல்லான்' என்னும் ஒரே பெயரால் குறிக்கின்றன. பெயர் ஒன்றாயினும் தொழில் இரண்டு.

பிற்காலத்தில் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, 1958 முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கடைக்காரர் இன்று அரிசியை நிறுத்தே விற்கின்றார். அடுக்களையிலோ ஆழாக்கின் ஆட்சி இன்னும் நீங்கவில்லை. ஆகவே, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் முறையை அறிதல் வேண்டும்.

கலம் இடத்தை அளக்கின்றது. தராசு பொருளை அளக்கின்றது. ஓர் இலிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுடையது. அதே கலத்தில் எண்ணெய் ஏறத்தாழ 920 கிராமும், தேன் 1,400 கிராமும், அரிசி 800 கிராமும் கொள்ளும். கோதுமை மாவு 500 முதல் 600 கிராமே நிற்கும். மணிகளுக்கும் துகள்களுக்கும் இடையே காற்று நிறைந்திருத்தலே இதற்குக் காரணம். இலிட்டரும் கிலோவும் எப்பொருளுக்கும் ஒன்றே எனக் கொண்டு பலகாரம் செய்வார், ஏறக்குறைய இருமடங்கு மாவை இட்டுப் பண்டத்தைக் கெடுப்பர்.

மேலும், ஒரே பொருளும் அளக்கும் முறையால் மாறுபடும். சலித்த மாவை மெல்லப் பெய்தால் குறைவாகக் கொள்ளும். அழுத்தினால் மிகுதியாகக் கொள்ளும். குலுக்கி அளத்தல், குவித்து அளத்தல், தலை தட்டி அளத்தல் ஆகியவற்றால் விளையும் வேறுபாடு சிறிதன்று. கூலியாக நெல் பெற்ற காலத்தில், அளப்பவன் கையின் போக்கிலேயே உழைப்பாளியின் ஒரு வேளை உணவு அடங்கியிருந்தது.

இனி, மாற்றும் முறையைக் காண்போம். வெற்றுக் கலத்தை முதலில் நிறுத்தல் வேண்டும். பின்பு அதனை அரிசியால் நிரப்பி, தலை தட்டி, மீண்டும் நிறுத்தல் வேண்டும். வெற்றுக் கலம் 60 கிராம், நிரம்பிய கலம் 220 கிராம் எனில், அரிசியின் நிறை 160 கிராம். இவ்வாறு மும்முறை நிறுத்துச் சராசரி காண்பது நன்று. விருந்திற்கு அக்கலத்தால் நூறு அளவு அரிசி வேண்டுமாயின், கடையில் வாங்க வேண்டுவது 16 கிலோகிராம் ஆகும். பருப்பு, மாவு, சருக்கரை ஒவ்வொன்றிற்கும் இக்கணக்கைத் தனித்தனியே காணல் வேண்டும். ஒன்றன் கணக்கு மற்றொன்றிற்குப் பொருந்தாது.

குலுக்கினாலும் குவித்தாலும் நிறை மாறுவதில்லை. தராசின் சிறப்பு இதுவே. ஆயினும், ஈரம் ஏறிய தானியம் நிறையிலும் மிகும். நீரைத் தெளித்து நிறுப்பவன் தராசையும் பொய்யாக்குவான். எனவே, கருவி எத்துணைச் செம்மையுடையதாயினும், அதனைப் பிடிக்கும் கையும் செம்மையுடையதாதல் வேண்டும்.