ரயில் நின்றதும் பஸ்ஸுக்கு ஓடலாமா?

வடகிழக்குப் பருவமழையும் பண்டிகைப் பயணமும் தமிழ்நாட்டில் சேர்ந்தேதான் வருகின்றன. அக்டோபர் பின்பாதி தொடங்கி டிசம்பர் முடியும்வரை தீபாவளி, திருவண்ணாமலை தீபம், சபரிமலை, அரையாண்டு விடுமுறை என்று பாதி ஊர் பயணத்தில் இருக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் உருவாவதும் இதே வாரங்களில்தான். உங்கள் ரயில் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தால், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்கும் முன்பு ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளுங்கள். ரயிலை நிறுத்தியது எது?

தண்டவாளப் பராமரிப்பு, எஞ்சின் கோளாறு, மறியல், வேலைநிறுத்தம் என்றால் தாராளமாகப் பஸ்ஸுக்குப் போகலாம். சாலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் காரணம் வெள்ளம் என்றால், ரயிலை மறித்த தண்ணீர் சாலையையும் மறித்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, 2024 டிசம்பர் 2 அன்று, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில்கள் பல ரத்தாயின. சில, காட்பாடி வழியாகத் திருப்பி விடப்பட்டன. அன்றே விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையிலும் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. ரயிலை விட்டுவிட்டுப் பஸ் ஏறியவர்களுக்கும் அதே மாவட்டம், அதே வெள்ளம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரயில் தாமதமானால் நமக்கு எரிச்சல் வருகிறது. பல நேரம் அந்தத் தாமதம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போயிருந்தன. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்து மக்கள் சமைத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. கடைசிப் பயணி வெளியேறியது 19ஆம் தேதி. ரயிலை அந்த இருட்டில் மேலே விடாமல் பிடித்து வைத்த முடிவுதான் அத்தனை பேரையும் காப்பாற்றியது. ரயிலை நிறுத்த ஓட்டுநருக்கு அப்பால் நிலைய அதிகாரி இருக்கிறார், சிக்னல் இருக்கிறது, கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் பஸ்ஸை இறக்குவதா என்பதைப் பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவரே அந்த நொடியில் முடிவு செய்கிறார், பின்னால் நாற்பது பேர் அவசரப்படுத்திக்கொண்டிருக்க. மழை நாளில் நான் ரயில் பக்கம் நிற்பதற்கு இதுவே முதல் காரணம்.

இனி பணம். மழை எச்சரிக்கையைப் பார்த்ததும் பயந்துபோய் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் ரத்துக் கட்டணம் பிடிப்பார்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டாக இருந்தால் ஒரு பைசாகூடத் திரும்பாது. ரயில்வே தானே ரயிலை ரத்து செய்தால், இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகவே வங்கிக் கணக்குக்கு வந்துவிடும், தட்கலுக்கும் அப்படித்தான். கவுன்ட்டரில் எடுத்தவர்கள் மூன்று நாட்களுக்குள் டிக்கெட்டைக் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும். நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போகவில்லை என்றாலும் முழுப் பணம் உண்டு. அதற்கு அந்த ரயில் உங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே ஐ.ஆர்.சி.டி.சி.யில் டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் மனு) பதிய வேண்டும். பலர் பஸ் ஏறி உட்கார்ந்து, மறுநாள் ஊரில் இறங்கிய பிறகு இதைத் தேடுகிறார்கள். அப்போது காலம் கடந்திருக்கும்.

ரயில் நிலவரத்துக்கு 139-ஐ அழையுங்கள், அல்லது ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் போன வருடத்து அறிவிப்பும் கலந்திருக்கும்.

பாதி வழியில் நிறுத்தப்படும் ரயில்களுக்குத் தனி யோசனை தேவை. சென்னையில் பெருமழை என்றால் பேசின் பிரிட்ஜ் – வியாசர்பாடி இடையே உள்ள பாலத்தில் தண்ணீர் ஏறி, சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் அரக்கோணத்திலோ காட்பாடியிலோ ஆவடியிலோ நின்றுவிடுவது உண்டு. கோவை, சேலம் பக்கமிருந்து வருபவர்கள் இதற்குத் தயாராக ஏறுங்கள்: பகலில் வந்து சேரும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள், தூக்க முடிந்த பையை மட்டும் எடுங்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள். காட்பாடியில் இறக்கிவிட்டால் வேலூர் பஸ் நிலையம் பக்கம்தான். ராமேசுவரம் போகிறவர்களுக்கு நிலைமை எளிது. பாம்பனில் பலத்த காற்று வீசினால் ரயிலை மண்டபத்தில் நிறுத்துவார்கள். பக்கத்துச் சாலைப் பாலம் திறந்திருந்தால் அங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயில் மண்சரிவால் நின்றால் மட்டும் பஸ்ஸுக்கு அவசரப்படாதீர்கள். குன்னூர் சாலையும் அதே மலையில்தான் போகிறது. கோத்தகிரி வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பஸ்தான் என்று முடிவானால் அரசு விரைவுப் பஸ்ஸை முதலில் பாருங்கள். கட்டணம் அரசு நிர்ணயித்தது. ரயில் ரத்தான நாளில் ஆம்னி பஸ் கட்டணம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். எது கிடைத்தாலும் பகல் பஸ்ஸாக இருக்கட்டும். ஆரஞ்சு எச்சரிக்கை உள்ள மாவட்டத்தை இரவில் கடக்கும் படுக்கை வசதி பஸ்ஸை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். சிவப்பு எச்சரிக்கை என்றால் பஸ்ஸும் வேண்டாம். 2020 நவம்பரில் நிவர் புயல் நெருங்கியபோது அரசே ஏழு மாவட்டங்களில் பஸ் போக்குவரத்தை நிறுத்திவைத்தது. நெடுஞ்சாலையில் சிக்கிக்கொண்டால் 1033, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

வேலைநிறுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. 1974 மே மாதம் இருபது நாள் நீடித்த ரயில்வே வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலைநிறுத்தத்தால் நாடு முழுவதும் அப்படி ரயில்கள் நின்றதில்லை. தமிழ்நாட்டில் பண்டிகை நேரத்தில் வேலைநிறுத்தம் வருவதென்றால் அது பஸ்ஸில்தான் வருகிறது. 2018 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும் பொங்கலுக்கு முன்பாகவே அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் நியாயமான நிலுவையும் ஓய்வூதியமும்தான். தொழிற்சங்கங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுப்பதால் நாளிதழைப் பார்த்து வாருங்கள். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் நவம்பரிலேயே ரயில் டிக்கெட்டை எடுத்து வையுங்கள்.

தேர்வு, நீதிமன்ற வாய்தா, டயாலிசிஸ், விமானம் என்று தள்ளிப்போட முடியாத காரியம் இருப்பவர்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். மற்றவர்கள் ஒரு நாள் தள்ளிப் போகலாம். ஊரில் காத்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் ஒரு வேண்டுகோள்: மழை நாளில் போனில் "எப்படியாவது வந்துடு" என்று சொல்லாதீர்கள். "மழை விட்டதும் வா, பலகாரம் எடுத்து வைக்கிறோம்" என்று சொல்லுங்கள்.