பைக்கில் கூலன்ட் குறைகிறதா? ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சில குறிப்புகள்

ஆர்15, பல்சர் என்எஸ்200, டியூக், டோமினார் போன்று ரேடியேட்டர் வைத்த பைக்குகளில் கூலன்ட் மூடிய சுற்றுக்குள்தான் ஓடுகிறது. வாரா வாரம் அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஊற்றி நிரப்புவதற்கு முன் அதைத் தேடிவிடுங்கள்.

1. என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்; மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பதே நல்லது.

2. இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். கறுத்த, பிசுக்கான சொட்டு என்றால் என்ஜின் ஆயில். பச்சை, நீலம், சிவப்பு என்று நிறத்தோடு, விரலில் வழுவழுப்பாக, லேசான இனிப்பு வாசனையுடன் இருந்தால் கூலன்ட். பெரும்பாலான கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், ஆனால் இனிக்கும். நாய், பூனை நக்கினால் பிழைப்பது கடினம். தரையில் சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள், குழந்தைகளையும் அண்ட விடாதீர்கள்.

3. அட்டையில் சொட்டே இல்லையா? சூடான என்ஜின்மேல் விழும் சொட்டு ஆவியாகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு மட்டும் மிஞ்சும். ஹோஸ் முனைகள், கிளாம்ப், ரேடியேட்டரின் ஓரம், கல் அடித்து நசுங்கிய இடம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். குளிரில் ரப்பர் இறுகி, தளர்ந்த கிளாம்ப் வழியாகக் கசிவதும் உண்டு. ஊட்டியில் ஒழுகிய வண்டியில், மேட்டுப்பாளையம் இறங்கியதும் கசிவு நின்றுவிட்டால் முதலில் கிளாம்ப்பை முறுக்கிப் பாருங்கள்.

4. பலர் கவனிக்காத இடம் வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை. பம்பின் அச்சில் ஒருபுறம் கூலன்டுக்கும் மறுபுறம் ஆயிலுக்கும் சீல் இருக்கும். ஒரு சீல் தேய்ந்தால் கூலன்டும் ஆயிலும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் வெளியேறவும், நமக்குத் தெரியவும் வைத்த துளை அது. அதில் கூலன்ட் வந்தால் கூலன்ட் சீல் போய்விட்டது, ஆயில் வந்தால் ஆயில் சீல். எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். வெளியே போக வழியில்லாத கூலன்ட் என்ஜின் ஆயிலுக்குள் போய்ச் சேரும். சீலை மாற்றும் செலவு எங்கே, பேரிங் போன என்ஜினைப் பிரிக்கும் செலவு எங்கே!

5. ரிசர்வ் டேங்கில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால், சூட்டில் விரிந்து குழாய் வழியே கொஞ்சம் வழியும். அது ஓட்டை அல்ல.

6. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மூடியை மாற்றுங்கள். அதே அழுத்த எண் பொறித்ததாக வாங்குங்கள்.

7. வெளியே ஒரு தடயமும் இல்லாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஆயில் பால் கலந்த காபி போல் ஆகியிருக்கும். அல்லது சூடேறிய பிறகும் சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெண்புகை வரும். அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள், ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

8. வழியில் வேறு கதியில்லை என்றால், என்ஜின் ஆறிய பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சேர்க்கலாம். போர் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து அடைத்துவிடும்.