நெய்வேலி மண்ணும் ஜீப் வண்டியின் துணைக்கருவிகளும்

மோட்டார் வண்டிகளை ஆக்குவோர் இன்ன ஊருக்கு, இன்ன மண்ணுக்கு என்று கருதி ஆக்குவதில்லை; எல்லா நாட்டிற்கும் பொதுவாக ஆக்கியே விற்பனைக்கு அனுப்புகின்றனர். ஆதலால் பாதையற்ற நிலத்தில் செல்லுதற்கென்று ஒரு வண்டியை வாங்குவோன், அதனைத் தன் ஊர் மண்ணுக்கு இசைய நிறைவு செய்துகொள்ள வேண்டியவனாகின்றான். இவ்வேலையில் எவை நம் கையாற் செய்யத்தக்கன, எவை தகாதன, ஒன்றைப் புதிதாகப் பூட்டினால் வண்டியின் வேறு எவ்வுறுப்பு அதன் சுமையைத் தாங்குகின்றது என்பனவற்றை, நெய்வேலிச் சுற்றுப்புறத்தில் பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு யாம் பட்டறிந்த அளவிலே மாணவ நண்பர்களுக்கு ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் மண்ணைப் பார்ப்போம். நெய்வேலி நகரியம் செம்மண் மேட்டின்மீது அமைந்தது. பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் நிறைந்த மணற்பாங்கான செந்நிலம். குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்புப் பக்கம் இறங்கினால் நெல் விளையும் களிமண். ஒரு மணி நேரப் பயணத்திற்குள் ஒரே வண்டி இவ்விரு வகை மண்ணையும் மிதிக்க நேரிடும். மணலுக்கு ஏற்ற உபாயம் களிமண்ணுக்கு ஏலாது. களிமண்ணுக்கு ஏற்றது மணலிற் பயன்படாது. இம்மண் பெரிய இயந்திரங்களுக்கே பாடம் கற்பித்ததுண்டு. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்று, 1957இல் சுரங்க வேலை ஆரம்பமாகியபின், செருமனியிலிருந்து வருவிக்கப்பெற்ற சக்கரவாளி அகழ்பொறிகள் இவ்விடத்து மேல்மண்ணைத் தோண்டத் தலைப்பட்டன. அந்நாட்டு மென்மண்ணில் இலகுவாக ஓடிய வாளிப் பற்கள், ஈண்டுள்ள வன்மையான மணற்பாறையில் விரைவில் தேய்ந்தொழிந்தன. பின்னர்ப் பாறையை வெடிவைத்து இளக்கியும், பற்களை இம்மண்ணுக்கேற்ப மாற்றியமைத்துமே வேலை நடைபெறலாயிற்று. அத்துணைப் பேரெடையுள்ள பொறிக்கே அந்நிலையாயின், நம் ஜீப் எம்மாத்திரம்!

ஜீப் வண்டியோ பிறந்தது முதலே திருத்தங்களுக்கு இடங்கொடுத்து வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலக்கத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. 1944இல் ஐரோப்பாவிற் புகுந்த அமெரிக்கப் போர்வீரர்கள், பகைவர் பாதையின் குறுக்கே கழுத்தளவு உயரத்திற் கட்டிவைத்த கம்பிகளுக்கு அஞ்சி, முன்பம்பரில் ஆங்கிள் இரும்பொன்றைச் செங்குத்தாகப் பற்றவைத்துக்கொண்டனர். கம்பி அதில் மோதி அறுபடும். ஓட்டுவோன் தலை தப்பும். ஓர் இரும்புத் துண்டும் சிறிது நேர வேலையுமே அதற்காயிற்று. யாம் அறிந்த துணைக்கருவிகளுள் இதனினும் சிறந்தது பிறிதில்லை என்றே சொல்வோம்.

இத்துறையில் ஆசான் என்று சொல்லத்தக்கவர் ரால்ப் பாக்னால்டு என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி ஆவர். இவர் 1920களில் எகிப்தில் இருந்தபோது, சாதாரணப் போர்டு கார்களைக்கொண்டே லிபியப் பாலைவனத்தைக் கடந்தார். கெய்ரோ நகரின் பழைய இரும்புக் கடையொன்றில், முதல் உலகப்போரிற் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்த உருக்குச் சேனல்களைக் கண்டு வாங்கி, அவற்றை மணலிற் புதையும் சக்கரங்களுக்கு முன்னே இட்டு வண்டியை ஏற்றினார். இன்று கடைகளிற் பெருவிலைக்கு விற்கும் மணற்பலகைகளுக்கு மூலம் அப்பழைய இரும்பேயாம். நீர் மிச்சப்படுத்த அவர் செய்த மற்றோர் உபாயமும் அறியத்தக்கது. ரேடியேட்டரின் உபரிநீர்க் குழாயை வண்டியின் பக்கத்தே பொருத்திய தகரக் கலத்தினுட் செலுத்தி, கலத்திற் பாதியளவு நீர் நிரப்பினார். கொதித்தெழும் ஆவி அந்நீரிற் புகுந்து குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாக, கலத்து நீர் மீண்டும் ரேடியேட்டருக்கே உறிஞ்சப்படும். இன்றைய கார்களில் நாம் காணும் உபரிநீர்ப் புட்டி இத்தத்துவத்தின்படியே இயங்குகின்றது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் எம் ஜீப் அடிக்கடி கொதிக்கவே, ஒரு பிளாஸ்டிக் புட்டியும் ரப்பர்க் குழாயுங்கொண்டு யாமும் அவ்வாறு செய்தோம். முதல் வாரம் நீர் வெளியே வந்ததேயன்றி உள்ளே மீளவில்லை. பழைய மூடி, நீரை வெளியே விடுவதன்றித் திரும்ப ஏற்கும் அடைப்பு இல்லாதது என்பது பின்னரே விளங்கிற்று. அதற்குரிய மூடியை மாற்றிய அன்று முதல் குறைவில்லை.

நிற்க. மண்ணில் வண்டி புதையாதிருத்தற்கு முதல் உபாயம் செலவின்றிச் செய்யத்தக்கது; அது டயர்க் காற்றைக் குறைத்தல். சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் இருந்த காற்றை 18 ராத்தல் அளவாக்கினால், டயர் தளர்ந்து நீளவாட்டில் மண்ணைத் தழுவும். அதே எடை அதிக இடத்திற் பரவுவதால் சக்கரம் மணலுள் இறங்காது. முந்திரித் தோப்பு மணலுக்கு இதுவே போதும். ஆனால் 15 ராத்தலுக்குக் கீழே இறக்கினால், திரும்பும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக் கூடும். டியூப் உள்ளதாயின், டயர் ரிம்மின்மேல் வழுக்க வால்வின் கழுத்து அறுபடும். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மீண்டும் காற்றடைக்க வேண்டும். ஆகையால் கையினால் அடிக்கும் பம்பு ஒன்றும், அழுத்தங்காட்டும் கருவி ஒன்றும் வண்டியை விட்டு நீங்கலாகாது.

களிமண்ணில் இவ்வுபாயம் அத்துணைப் பயன்படாது. ஆண்டுப் பள்ளங்களைச் சேறு அடைத்துக்கொள்ள, டயர் வழுவழுப்பான உருளைபோலாகின்றது. உழவர்கள் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்தலைப் பலரும் கண்டிருப்பர். அத்தத்துவத்தைப் பின்பற்றி, ரிம்மின் துளைகள் வழியே பருமனான தென்னங்கயிற்றை டயரைச் சுற்றி நான்கைந்து இடங்களில் இறுகக் கட்டினால், அக்கட்டுகளே பற்களாக நின்று பிடிக்கும். கயிறு பிரேக்குக் குழாயில் உராயாதவாறு சக்கரத்தை ஒருமுறை கையாற் சுற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டங்குலத் தடிப்பும் நான்கடி நீளமும் உள்ள பலகையில் குறுக்கே இரும்புக் கம்பிகளை அறைந்துவைத்தால் அது மணலுக்கும் சேற்றுக்கும் பொதுவாய் உதவும். பலகையின் முனையில் ஒரு கயிறு கட்டுதல் நன்று. இல்லையேல் வண்டி மீண்டபின் பலகையைச் சேற்றுட் தேடும் வேலை வேறு வரும். சக்கரம் சுழலும்போது பலகை பின்னோக்கிப் பாய்வதுண்டு. ஆகவே எவரும் பின்னே நிற்கலாகாது.

இனி இழுப்புக் கொக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதனைச் சொல்லுதற்கு எமக்கு நாணமே உண்டாகின்றது. எனினும் சொல்லாது விடுதல் தகாது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே என்னும் புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிற்று. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மரங்கள் அடியோடு சாய்ந்து பாதைகளை அடைத்துவிட்டன. அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு, இளைஞர் சிலரோடு யாமும் ஒரு சிற்றூரை நாடிச் சென்றோம். வழியிற் கிடந்த முந்திரிக் கிளையொன்றை அறுத்து, கயிற்றின் ஒரு முனையை அதிலும், மறுமுனையை எம் ஜீப்பின் முன்கொக்கியிலும் மாட்டி, வண்டியைப் பின்னே செலுத்தினோம். அக்கொக்கி யாமே செய்தது. பற்றவைப்பு வேலையைக் கண்டு பட்டறைக்காரரே பாராட்டியதுண்டு. முதலிழுப்பில் கிளை அசையவில்லை. கயிற்றைச் சற்றுத் தளரவிட்டு வெடுக்கென்று இழுத்தோம். கொக்கி, தான் பற்றியிருந்த பம்பர்த் தகட்டையும் கிழித்துக்கொண்டு, கயிற்றோடு மரத்தை நோக்கிப் பாய்ந்தது. ஆங்கு நின்ற பாலிடெக்னிக் மாணவர் ஒருவரின் கணைக்காலில் தாக்க, எலும்பு முறிந்தது. ஓரடி மேலே பட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்பதை யாம் இன்றும் எண்ணாதிருக்க முயல்கின்றோம்.

குற்றம் யாது? பற்றவைப்பு உறுதியாகவே இருந்தது, அது விடவில்லை. பற்றவைத்த இடமே தவறு. பம்பர் என்பது மெல்லிய தகடு. இரண்டு போல்ட்டுகளில் நிற்பது. சேற்றிற் புதைந்த வண்டியை மீட்க அவ்வண்டியின் எடைக்கு நிகரான இழுப்பும், சில வேளைகளில் அதனினும் மிக்கதும் வேண்டப்படும். வெடுக்கென்று இழுத்தால் அது பன்மடங்காகும். இத்துணை விசையையும் ஏற்கவல்லது சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் ஒன்றே. கொக்கியோ வடித்தெடுத்த உருக்காக இருத்தல் வேண்டும். அடிச்சட்டத்தின் செங்குத்தான பக்கத்திலே துளையிட்டு, உட்புறத்தில் தடித்த தகடு ஒன்றை அணைகொடுத்து, உயர்தரப் போல்ட்டுகளால் இறுக்குதல் முறை. சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடுதலோ குறுக்கே பற்றவைத்தலோ கூடாது. வளைவின் முழுச் சுமையும் அவ்விளிம்புகளிலேதான் விழுகின்றது. ஸ்பிரிங் பட்டைகளில் வெல்டிங் தீ படவே கூடாது. பட்டால் உருக்கின் பதம் கெட்டு, பிறகொரு நாள் பள்ளத்தில் முறியும். வெல்டிங் செய்யுமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுதலும் மறக்கலாகாது. இழுக்கும்போது கயிற்றின் நடுவே நனைந்த சாக்கொன்றைப் போட்டுவைத்தால், அறுந்தாலும் அது விசையைத் தணிக்கும். ஆட்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் விலகி நிற்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தலை யாம் அன்றோடு விட்டோம். வேண்டுமானால் கப்பி ஒன்றை இடையே கோத்து, வேகம் பாதியாகக் குறைய, இழுப்பு இருமடங்காகப் பெறலாம்.

மழைக்காலத்தில் தரைப்பாலங்களைக் கடப்பதற்காகச் சிலர் எஞ்சினின் காற்றுக் குழாயைக் கூரையளவு உயர்த்திக்கொள்கின்றனர். இதிற் பயன் உண்டு. நீர் காற்றைப்போல் அமுங்குவதன்று. டீசல் எஞ்சினின் சிலிண்டருள் அது புகுமாயின், மேலேறும் பிஸ்டன் தடைப்பட்டுக் கனெக்டிங் ராடு வளைந்துபோம். ஆனால் குழாயை உயர்த்தியவர், காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடி பொருந்தாதிருப்பதைக் கவனியார். நீர் அவ்வழியே புகும். அச்சுகளின் மேலுள்ள சிறு மூச்சுத்துளைகளையும் எவரும் நினையார். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியவுடன் உட்காற்று சுருங்க, துளை வழியே நீரை உறிஞ்சிக்கொள்கின்றது. கியர் எண்ணெய் மோர்போல் வெளுத்துவிடும். ரப்பர்க் குழாயொன்றை அத்துளையிற் பொருத்தி எஞ்சின் அறையின் உச்சிக்குக் கொண்டுசென்றால் இக்குறை நீங்கும்.

எனினும் குழாய் உயர்ந்ததால் வண்டி நீர்யானையாகிவிட்டது என்று எண்ணுதல் பெரும் பிழை. 2015 நவம்பரில் இம்மாவட்டத்திற் பெய்த பெருமழையின்போது, பரவனாற்று வெள்ளத்தின் கரையில் நின்று யாம் ஒரு கணக்குப் போட்டோம். வண்டியின் அடித்தளம் 3 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உடையதாகக் கொள்வோம். நீர் அத்தளத்துக்குமேல் 10 சென்டிமீட்டர் உயர்ந்து, உள்ளே புகாதிருக்குமாயின், விலக்கப்படும் நீர் 450 லிட்டர்; அதன் எடை 450 கிலோ. அவ்வளவு எடை சக்கரங்களினின்றும் நீங்குகின்றது. 20 சென்டிமீட்டராயின் 900 கிலோ. 1,200 கிலோ எடையுள்ள ஜீப்பு அப்போது 300 கிலோ எடையோடு வெள்ளத்தின் குறுக்கே நிற்கும். அன்று யாம் திரும்பிவிட்டோம்.

கூரைமேல் சாமான் தட்டு வைப்போர்க்கும் ஒரு கணக்கு உண்டு. சக்கரங்களின் இடையகலம் 48 அங்குலம், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 27 அங்குலம் என்று கொண்டால், வண்டி ஏறத்தாழ 41.6 பாகை சாயும் வரை கவிழாது. 100 கிலோவைத் தரையினின்று 75 அங்குல உயரத்தில் ஏற்றினால், மையம் 30.7 அங்குலத்துக்கு உயர்கின்றது. கவிழும் கோணம் 38 பாகையாகக் குறைகின்றது. இது வண்டி அசையாது நிற்கும்போது உள்ள கணக்கு. ஓடும்போது ஸ்பிரிங்குகள் ஒருபுறம் அமுங்குவதால் எல்லை இன்னும் குறுகும். ஆகவே கனமானவை இருக்கையின் கீழும், பாயும் போர்வையும் கூரைமேலும் ஆகுக.

விளக்குகளைப்பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. 55 வாட் விளக்கிரண்டும் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். தடித்த கம்பியும், ரிலேயும், 15 ஆம்பியர் பியூசும் வைத்தல் போதுமானது. மெல்லிய கம்பியை வைத்து டாஷ்போர்டு புகைய நின்றோர் பலர்.

இறுதியாகச் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. 2017 டிசம்பரில் நடுவண் அரசு முன்புறக் காப்புக் கம்பிகளின்மேல் நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மூல அமைப்பினின்று வண்டியை மாற்றலாகாதென்று தீர்ப்பளித்தது. காப்புக் கம்பியைக் கழற்றுவதில் எமக்கு வருத்தமில்லை. அது எதிரே நடப்போர்க்குத் தீங்கு. மோதலின்போது முன்பம்பர் நசுங்கித் தாங்க வேண்டிய அதிர்ச்சியை நேரே அடிச்சட்டத்துக்குச் செலுத்துவது. காற்றுப் பம்பும், பலகையும், கயிறும், கப்பியும், சாக்கும், அரமும் வண்டியுள் வைத்துக்கொள்ள எச்சட்டமும் தடையன்று. வண்டியின் உடலையோ எஞ்சினையோ மாற்றக் கருதுவோர் இரும்பை அறுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் கேட்டுக்கொள்வாராக.

எம் ஜீப்பில் இன்றுள்ள முன்கொக்கிக்கு வரைபடம் போட்டுத் தந்தவர் கால்முறிந்த அம்மாணவரே. ஆறு போல்ட்டுகள், உள்ளே பத்து மில்லிமீட்டர்த் தகடு.