நீரிழிவும் நியம வாழ்வும்

நீரிழிவு நோய் நம் நாட்டுக்குப் புதியதன்று. ‘மதுமேகம்’ என்ற பெயரில் பண்டைய ஆயுர்வேத நூல்கள் இதனை விளக்கியுள்ளன. பிறவியிலேயே அமைவது, தகாத உணவுப் பழக்கத்தால் வருவது என இதனை இருவகையாகப் பிரித்த சுசுருத சம்ஹிதை, நெடுந்தூரம் நடப்பதையும் சிகிச்சையாக விதித்தது. இன்று இந்நோய் பெருகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. மேலும் 13.6 கோடி பேர் அதன் முன்நிலையில் இருந்தனர்.

இந்த எண்கள் அச்சத்திற்காக அல்ல, விழிப்பிற்காக. முன்நிலையில் இருந்த இந்தியர்களிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. நோய் வந்தவர்களுக்கும் அதே ஒழுங்கே துணை.

உணவில் நிதானம்

தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு முதலிய புரத உணவும், எஞ்சிய கால் பங்கு அரிசி அல்லது கோதுமையும் இருப்பது நல்லது. சர்க்கரையை விலக்கி வெல்லமும் தேனும் தாராளமாகச் சேர்ப்பவர் பலர். அவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவையே. பிரசாதத்தை ஒரு சிட்டிகை ஏற்பதால் பக்தி குறைந்துவிடாது.

உழைப்பும் மருந்தும்

வாரத்தில் 150 நிமிடங்களேனும் சுறுசுறுப்பான நடை வேண்டும். தொடர்ந்து இரண்டு நாட்கள் அதை விட்டுவிடலாகாது. இயங்கும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இதுவே நடையின் பயன்.

சர்க்கரை குறைந்தவுடன் தாமாகவே மருந்தை நிறுத்துவது பெருந்தவறு. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை மருத்துவர் கூறும் இடைவெளியில் செய்து வர வேண்டும். பலருக்கு அது 7 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது இலக்கு. ஆண்டுக்கு ஒருமுறை கண், சிறுநீரகப் பரிசோதனையும் அவசியம்.

விரத நாட்களில்

ஏகாதசி, நவராத்திரி, சிவராத்திரி என விரதங்கள் வரும்போது நீரிழிவு அன்பர்களின் மனம் தடுமாறுகிறது. இன்சுலின் அல்லது சில வகை மாத்திரைகளை எடுத்துக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அளவு 70-க்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அத்தருணத்தில் விரதம் முறிந்ததே என்று வருந்துவதற்கு இடமில்லை.

விரதத்தை விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்து மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளட்டும். இயலாதவர்கள் உணவுக்குப் பதிலாகக் கடுஞ்சொல்லையும் வீண்பேச்சையும் அன்று விலக்கலாம். அதுவும் விரதமே.

பாதங்களின் பாதுகாப்பு

நீண்டநாள் நீரிழிவு பாதங்களின் உணர்ச்சியை மங்கச் செய்கிறது. நண்பகலில் சுடும் கல்தளத்தில் வெறுங்காலுடன் வலம்வரும் அன்பர், கொப்புளம் எழுந்ததையே அறியாமல் போகலாம். கவனிக்கப்படாத புண் காலையே இழக்கச் செய்யக்கூடும். காலையிலோ மாலையிலோ, தளம் குளிர்ந்திருக்கும் வேளையில் வலம் வருவது நலம். இரவில் உறங்குமுன் இரு பாதங்களையும் உற்று நோக்க வேண்டும். முதியோருக்கு இதனை இல்லத்து இளையோர் செய்வது சிறந்த சேவையாகும்.

குறித்த நேரத்தில் எழுதல், அளவறிந்து உண்ணல், உடலை இயக்குதல், போதிய உறக்கம் ஆகியவை சாதகர் யாவருக்கும் உரிய நியமங்களே. நோயின் பொருட்டேனும் அவற்றைக் கைக்கொள்பவர் உடல்நலத்தோடு மனக்கட்டுப்பாட்டையும் பெறுகிறார். உடல் நல்ல கருவியாக இருந்தால்தான் பிறருக்குத் தொண்டு செய்ய இயலும். அதனைப் பேணுவதும் ஒரு கடமையே.