விலகியவர் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காங்கேயத்து அரிசி ஆலைகளுக்காக நீ எழுதியிருக்கும் மென்பொருள், நெல் வரத்தின் எடைச் சீட்டு முதல் ஈரப்பதக் கழிவு, அரிசி, குருணை, தவிடு, உமி வரையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கில் கொண்டு வருகிறது என்பதையும், சில ஆலைக்காரர்கள் பணம் கட்டியே அதை உபயோகித்து வருகிறார்கள் என்பதையும் அறிந்து மிகவும் சந்தோஷம். இனி வியாபாரம் பெருக வேண்டுமானால், கையிலுள்ள சேமிப்பை இணைய விளம்பரத்தில் போடுவதா, அல்லது பங்கு கொடுத்து ஒரு முதலீட்டாளரைச் சேர்த்துக் கொள்வதா என்று கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. உன்னை விட்டு விலகுகிறவர்களின் கணக்கை எழுதிப் பார்.

மாதந்தோறும் பத்து ஆலைகள் புதிதாகச் சேருகின்றன என்றும், இருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் மாதந்தோறும் விலகுகிறார்கள் என்றும் வைத்துக்கொள். ஆரம்பத்தில் எண்ணிக்கை உற்சாகமாக ஏறும். ஆனால் 200 ஆலைகளை நெருங்கும்போது, நூற்றுக்கு ஐந்து என்பதே பத்தாகிவிடுவதால், வருகிறவர்களும் போகிறவர்களும் சமமாகி, எவ்வளவு பிரயாசைப்பட்டாலும் வியாபாரம் அங்கேயே நின்றுவிடும். விளம்பரச் செலவை இரட்டித்து மாதம் இருபது பேரைச் சேர்த்தாலும் 400-க்கு மேல் போகாது. அதே பத்துப் பேரை வைத்துக்கொண்டு, விலகுவோரை நூற்றுக்கு இரண்டாகக் குறைத்தாயானால், ஒரு பைசா கூடுதல் விளம்பரமின்றி எல்லை 500-க்கு உயரும். பிறர் பணத்தில் தொழில் நடத்துகிறவர் இந்தக் கணக்கைச் சில வருஷங்கள் பாராமல் இருந்துவிடலாம். சொந்தப் பணத்தில் நடத்துகிற உனக்கு அந்த வசதி இல்லை.

ஆகையால் விலகிய ஆலைகளுக்கு நீயே தொலைபேசியில் பேசு. மென்பொருளில் குறை இருந்து போனவர்களும் உண்டு. அதைப் பழகியிருந்த கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனதும், புதிதாக வந்தவர் பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டதனால் போனவர்களும் உண்டு. பின்னவர்களுக்கு வேண்டியது புதிய வசதிகள் அல்ல. புதுக் கணக்குப்பிள்ளைக்கு அரை நாள் பயிற்சி.

அடுத்தது விலை. மலிவாகக் கொடுத்தால் தானே பரவும் என்ற அபிப்பிராயம், பெரு மூலதனம் உடையவர்களின் சாமர்த்தியத்தைத் தூரத்திலிருந்து பார்த்து உண்டாவது. மாதக் கட்டணத்தைவிட, ஏ.எம்.சி. என்னும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்டிப் பழகிய நம் ஆலைக்காரர்களிடம் ஆண்டுக் கட்டணத்தைச் சிறிது தள்ளுபடியுடன் முன்பணமாக வாங்குவதே உசிதம். விளம்பரத்துக்கும் அதுவே விடை: ஒருவரைச் சேர்க்க ஆகும் செலவு அவர் கட்டும் முதல் ஆண்டுப் பணத்துக்குள் அடங்குமானால், போட்ட பணம் உடனே திரும்பி வந்து அடுத்தவரைத் தேட உதவும், அடங்காவிட்டால் அந்த விளம்பரம் உனக்கு ஏற்றதல்ல.

பணம் அதிகம் கேளாத பிரசாரமும் உண்டு; அது தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பது. சிகாகோவில் 1999-ல் இணையதள வடிவமைப்பு நிறுவனமாகத் தொடங்கிய 37சிக்னல்ஸ், தன் சொந்த வேலைகளை ஒழுங்குபடுத்துவதற்காகச் செய்துகொண்ட பேஸ்கேம்ப் என்ற மென்பொருளை 2004-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, தொழில் முறைகளைப் பற்றி அந்த நிறுவனம் எழுதியவற்றை முன்பே வாசித்து வந்த ஒரு கூட்டம் அதற்காகக் காத்திருந்தது. உனக்கும் அந்தச் சந்தர்ப்பம் வாய்த்தே இருந்தது. 25 கிலோ வரை முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2022 ஜூலை 18 முதல் நடைமுறைக்கு வந்து, வரிக்கு உட்படாத 26 கிலோ மூட்டைகள் கடைகளில் தோன்றிய அந்த நாட்களில், எந்த மூட்டைக்கு வரி, எதற்கு இல்லை, பில்லில் எப்படிக் காட்டுவது என்று ஒரே பக்கத்தில் தெளிவான தமிழில் எழுதியிருப்பவரை எந்த ஆலைக்காரர் மறந்திருப்பார்? இன்றும் தாமதமில்லை. அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலை, 100 கிலோவுக்குப் பச்சரிசியானால் 67 கிலோவும் புழுங்கலானால் 68 கிலோவும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ஆலைக்காரர் தன் ஆலையில் லோடுக்கு லோடு உண்மையில் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கும் முறையை எழுதி வெளியிடு. அதை வாசிக்கிறவர், வாசித்து முடிக்குமுன்பே உன் மென்பொருளின் அவசியத்தை உணர்ந்துவிடுவார்.

சரக்கே தன்னைப் பரப்பிக்கொள்ளும் வழியும் ஒன்று உண்டு. அட்லாண்டாவில் பென் செஸ்ட்நட்டும் டான் குர்சியஸும் 2001-ல் தொடங்கிய மெயில்சிம்ப், வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப வணிகர்களுக்கு உதவுவது. 2009-ல் அது இலவசத் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தபோது, இலவசமாக அனுப்பப்படும் ஒவ்வொரு அஞ்சலின் அடியிலும் நிறுவனத்தின் சிறு முத்திரை இடம் பெற்றது. ஒரே வருஷத்தில் உபயோகிப்போர் ஏறத்தாழ 85,000-லிருந்து 4,50,000 ஆனார்கள். வெளியார் முதலீடே வாங்காத அந்த நிறுவனத்தை 2021-ல் இன்டூயிட் என்ற நிறுவனம் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. ஆனால் இலவசம் வந்தது எட்டு வருஷங்கள் பணம் வாங்கி விற்ற பிறகு என்பதைக் கவனி. நீ இப்போது இலவசத்தைத் தொட வேண்டாம். ஆலையிலிருந்து நெல் வியாபாரிக்குப் போகும் எடைச் சீட்டின் அடியில் உன் மென்பொருளின் பெயர் ஒரு வரியாக அச்சாகட்டும். அந்த வியாபாரி பல ஆலைகளுக்குப் போகிறவர்.

முதலீட்டாளரைப் பற்றி எனக்கு வெறுப்பில்லை. ஆயினும் பணம் கொடுத்தவர் வேகத்தையும் எதிர்பார்ப்பார். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தால், 2001-ல் தொலைத்தொடர்புத் துறை சரிந்து வாடிக்கையாளர் பலரை இழந்தபோது, அவசரப்படுத்துவார் யாருமின்றித் தன் சம்பாத்தியத்தைக் கொண்டே வேறு சரக்குகளின் பக்கம் நிதானமாகத் திரும்ப முடிந்தது. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னதை ஏளனமாக எண்ணிவிடாதே.

அடுத்த கடிதத்தில், சென்ற ஆண்டு சேர்ந்த ஆலைகளில் எத்தனை ஆலைகள் இரண்டாம் ஆண்டுக் கட்டணமும் கட்டியிருக்கின்றன என்ற எண்ணை எழுதி அனுப்பு. அது நூற்றுக்கு எண்பதைத் தாண்டியிருந்தால் விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம். தாண்டாவிட்டால் சேமிப்பு வங்கியிலேயே இருக்கட்டும், நீ பஸ் ஏறி ஆலை ஆலையாகப் போய் வா.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன்