வீட்டுக்கல்வியும் கல்லூரி வாயிலும்

கல்வி பள்ளிக்கூடத்துச் சுவர்களுக்குள் மட்டும் விளைவதன்று என்பது தமிழர் பண்டே அறிந்த உண்மை. உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டுப் புலமை பெற்றவர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். அவரைக் கும்பகோணம் கல்லூரி 1880-ஆம் ஆண்டில் தமிழாசிரியராக ஏற்றது. இன்று அத்தகையார் ஒருவர் மாணவராகச் சேர விரும்பி நம் கல்லூரி வாயிலில் வந்து நின்றால், முதற்கண் நாம் வினவுவது யாது? "சான்றிதழ் எங்கே?" என்பதன்றோ?

மக்களைப் பள்ளிக்கு அனுப்பாது இல்லத்திலேயே பயிற்றும் பெற்றோர் இந்நாளில் ஆங்காங்கு உளர். அங்ஙனம் பயின்ற மும்பைப் பெண்ணொருத்தி, கணிப்பொறியியலுக்குரிய உலக ஒலிம்பியாடு போட்டிகளில் மும்முறை பதக்கம் வென்றாள். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமையால் நம் நாட்டு ஐ.ஐ.டி. கல்லூரிகளிற் புக அவளுக்கு இயலவில்லை. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ, 2016-இல் அவளை ஏற்றுக்கொண்டது. ஆண்டுக் கல்வியையன்றி ஆற்றலையே அது நோக்கிற்று.

ஆயினும், எல்லோரும் பதக்கம் வெல்வாரல்லர். ஏனையோர்க்கு வழி யாது? 1989-இல் நடுவணரசு நிறுவிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி அவ்வழியாகும். பதினான்கு வயது நிரம்பியோர் பத்தாம் வகுப்பிற்கும், பதினைந்து நிரம்பிப் பத்தாம் வகுப்புத் தேறியோர் பன்னிரண்டாம் வகுப்பிற்கும் அதிற் பதிவுசெய்யலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நிகழும். ஒருமுறை பதிவுசெய்தோர் ஐந்தாண்டுகளுக்குள் பாடங்களைச் சிறிது சிறிதாகவும் எழுதி முடிக்கலாம். இச்சான்றிதழ் கொண்டு கல்லூரி புகுதல் கூடும். இத்தகையோரை மருத்துவ நுழைவுத்தேர்வினின்று விலக்கிய விதியைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் நீக்கிற்று.

ஈண்டுப் பெற்றோர் கருதற்பாலன இரண்டு. மகன் அல்லது மகள் விரும்பும் துறை எதுவென முன்னரே தெளிந்து, அதற்குரிய பாடங்களைத் தேர்தல் வேண்டும். பொறியியல் விழைவோர் பௌதிகமும் கணிதமும் கொள்ளாதுவிடின் பின்னர் வருந்துவர். அறிவியல் கற்போர்க்குச் செய்முறைப் பயிற்சியும் இன்றியமையாதது. அது வீட்டுக் கூடத்தில் எளிதிற் கிட்டுவதன்று.

அளவுகோல் ஒன்று வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோரை ஆய்ந்தெடுக்கும் கல்லூரி ஏதேனும் ஒன்றைக் கொண்டே அளத்தல் வேண்டும். ஆனால் நெல்லை அளக்கும் மரக்கால், அது விளைந்த வயல் யாருடையதென்று கேட்பதில்லை. நாளை வீட்டில் கற்ற ஒருவர் நம் வகுப்பில் அருகே வந்தமர்ந்தால், "எப்பள்ளியிற் படித்தீர்?" என்று கேளாது, "என்ன படித்தீர்?" என்று கேட்போமாக.